நன்மை வாங்காத ஞாயிறுகள்

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, அதுதான் நன்மை, வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். திண்டுக்கல் பக்கத்தில் சின்னப் பையனாகப் புதுநன்மை வாங்கியபோது உபதேசியார் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. அந்தச் சட்டத்தைத் திருச்சபை எப்போதோ தளர்த்திவிட்டது. ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று சாமியார்கள் பூசையிலேயே சொல்லியாயிற்று. இவர் காதில் ஏறவில்லை.

"ரோமாபுரியில மாத்தியிருக்கலாம். எனக்கு மாத்திச் சொல்ல உபதேசியார் உசுரோட இல்லையே" என்பார்.

நான் பள்ளிக்கூடத்தை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பியவள். சட்டம் பேசுகிறவரோடு எனக்கு என்ன வழக்கு? டெல்லிக்கு வந்து சரோஜினி நகர் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலும் சரி, ரிட்டயராகி மயூர் விஹாரில் மகள் வீட்டுக்கு வந்த பிறகும் சரி, முதல் பூசைக்கே அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். நன்மை வாங்கிய வாய் கொஞ்ச நேரத்தில் கோயில் வாசல் கடையில் பிரெட் பக்கோடாவைக் கடித்துக்கொண்டிருக்கும். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த பின்னும் இப்படியே சமாளித்தோம்.

அப்புறம் கொரோனா வந்தது. கோயிலைப் பூட்டினார்கள். பூசை செல்போனில் வந்தது.

மாதா சுரூபத்தின் காலடியில் போனைச் சாய்த்துவைத்தேன். அவர் இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட்டோடு உட்கார்ந்தார். நான் முதல் வாரம் பட்டுப் புடவை. போகப்போக நைட்டியும் தோளில் ஒரு துண்டும். என்னை நைட்டியில் பார்த்தால் மாதா கோபித்துக்கொள்ளவா போகிறாள், அவளும் குடும்பம் நடத்தியவள்தானே.

நன்மை நேரம் வந்தது. போனுக்குள் சாமியார் மட்டும் உட்கொண்டார். நமக்கு அதற்குப் பதிலாக ஒரு செபம் ஓடியது. பூசை முடிந்தது. இட்லியை எடுத்து வைத்தேன்.

"வாங்க, ஆறிப்போவுது."

"நன்மை வாங்கலையே."

"அதான் பூசை முடிஞ்சிருச்சே."

"பூசை முடிஞ்சிருச்சு. நன்மை வாங்கலையே."

அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட மூன்று மணியைக் கடிகாரத்தில் பார்த்த பிறகுதான், "சரி, இன்னைக்கு இல்ல" என்று கஞ்சிக் கிண்ணத்தை வாங்கினார். அடுத்த ஞாயிறும் அதே கதை.

சர்க்கரைக்காரர் ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு மறுநாள் பிற்பகல்வரை வெறும் வயிற்றோடு கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லப் படிப்பு வேண்டாம். ஒரு ஞாயிறு, விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தவரின் நாக்கு குழறியது. சட்டை தொப்பலாக நனைந்தது. நாற்காலியிலிருந்து சரிந்தார்.

சீனியை அள்ளி அவர் வாயில் அப்பிவிட்டு மகளுக்குப் போன் போட்டேன். அவள் நர்ஸ். அப்போது ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்திருந்தார்கள்.

"கண்ணத் தொறந்தாராம்மா? சக்கரத் தண்ணி குடு. கொஞ்சங்கொஞ்சமாக் குடு. ஆம்புலன்ஸ் கூப்புடாத. இங்க வந்தா வராண்டாலதான் கெடக்கணும். சக்கர கம்மின்னு வந்தவரு வேற நோயோட திரும்புவாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "திரும்பினா."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கண் திறந்தவர் உதட்டை நக்கிப் பார்த்தார். உடனே அழுகை. "நன்மைக்கு முன்னாடி வாயில இனிப்ப வச்சிட்டியே!"

"ஒங்களப் பெட்டியில வைக்கிறதுக்குப் பதிலா ஒங்க வாயில சீனி வச்சேன். தப்பா?"

சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டினேன்.

சனிக்கிழமை ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னாள் மகள். பாதியாக்கினேன். அப்போதும் ஞாயிறு வெயில் ஏறும்போது அவர் விரல் நடுங்கத் தொடங்கிவிடும். எங்கள் கோயில் சாமியார் தமிழ்ப் பிள்ளை, சின்ன வயசு. போனில் அவரைப் பிடித்து இவரிடம் கொடுத்தேன்.

"ஐயா, நீங்க சாப்புடுறது பாவமே இல்ல. இந்த நேரத்துல மனசால ஆசப்பட்டாலே நன்மை வாங்குன மாதிரிதான்."

"சரிங்க சாமி. தோத்திரம் சாமி."

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "ஆசப்பட்டாலே நெறஞ்சிரும்னா நீ எதுக்கு இட்லி அவிக்கிற?"



சில மாதம் கழித்துக் கோயிலைத் திறந்தார்கள். ஆனால் அறுபத்தைந்து தாண்டியவர்கள் வரக்கூடாதாம். "மாஸ்க் போட்டா என் சுருக்கம் யாருக்குத் தெரியும்? அம்பத்தஞ்சுன்னு சொல்லிட்டு உள்ள பூந்துர்றேன்" என்றேன். "ஆதார் கார்டுக்கு மாஸ்க் போட முடியாதும்மா" என்றாள் மகள்.

சாமியாரே வழி சொன்னார். பூசை முடிந்ததும் நன்மையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வீட்டுக்கு எங்கே வருவது? எங்கள் காலனிக்குள் வெளியாள் யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு. காவல்காரனிடம் கெஞ்சினேன்.

"அந்தர் நஹீ, மாஜி. கேட் தக்" என்றான். உள்ளே கூடாது, கேட்வரைக்கும் சரி.

ஞாயிறு காலை பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டோரம் போட்டு இவரை உட்காரவைத்தேன். என் தோள்பையில் இட்லி டப்பா. பால்கனிகளில் தலைகள் முளைத்தன. வெள்ளை அங்கியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் சாமியார். காவல்காரன் அவர் கையில் சானிடைசரைப் பீச்சினான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று செபம் சொல்லி, சின்னச் சிமிழைத் திறந்தார். இவர் மாஸ்க்கை இறக்கிக் கண்ணை மூடி நாக்கை நீட்டினார்.

சாமியார் ஓரடி பின்வாங்கினார். "ஐயா, கையில வாங்கிக்குங்க. நாக்குல குடுக்க இப்ப அனுமதி இல்ல."

"கையிலயா?" இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "குருப்பட்டத்துல எண்ணெ பூசுன கை ஒங்களுது சாமி. இது ஆபீஸ்ல ஃபைல் தூக்குன கை. இதால தொட மாட்டேன்."

"ஐயா, எல்லாருமே இப்பக் கையிலதான்..."

"தொட மாட்டேன்."

"ஜல்தி கரோ, மாஜி" என்று அவசரப்படுத்திக் காவல்காரன் தரையில் தடியைத் தட்டினான். இவர் தோள் நடுங்கியது. அது பக்தி நடுக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கம்பி இடுக்கில் என் கையை நுழைத்தேன்.

"எங்கிட்டக் குடுங்க சாமி. நான் அவருக்குக் குடுத்துர்றேன்."

சாமியார் என் கையையே பார்த்தார்.

"வெங்காயம் நறுக்குன கைதான். கழுவியாச்சு."

மாஸ்க்குக்குள் அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். கனமே இல்லை. காற்று தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து மற்றக் கையால் அணை கட்டினேன். ஆயுசுக்கும் நானும் அதைக் கையால் தொட்டதில்லை. இவர் நாக்கில் வைத்தேன். "ஆமென்" என்றார். எனக்கும் சாமியார் கொடுத்தார். அதை எப்படி வாங்கினேன் என்பது நினைவில் இல்லை. இட்லி டப்பாவின் மூடியைத் திறக்க அப்படி அவசரப்பட்டேன். அந்த இடத்திலேயே வேக வேகமாகத் தின்றார். காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பல ஞாயிறு இப்படி ஓடியது. பிறகு இரண்டாவது அலை வந்தது. கோயிலை மறுபடி பூட்டினார்கள். பகலெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். எங்கள் சாமியாருக்கே நோய் கண்டுவிட்டது என்று மகள் போனில் சொன்னாள். இவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு போனில் வேறு யாரோ பூசை வைத்தார். முடிந்தது. இவர் எழுந்திருக்கவில்லை.

"சாமி எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு. சாப்புடுங்க."

தலையை ஆட்டினார். விரல் நடுங்கத் தொடங்கியது. மிரட்டிப் பார்த்தேன், கேலி பண்ணிப் பார்த்தேன், மகள் பேரைச் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் சட்னிகூடத் தொடாமல் இட்லியில் ஒரு துண்டு பிய்த்து, அவர் வாய்க்கு நேராக நீட்டினேன்.

அவர் இட்லியைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி நாக்கை நீட்டினார். வைத்தேன். மெல்லவில்லை. தானாகக் கரையட்டும் என்று விட்டுவிட்டார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இட்லி என்றுதான் தின்றாரா? வேறொன்றாக நினைத்தாரா? அப்படி நினைத்திருந்தால் பாவம் அவருக்கா, நீட்டிய எனக்கா? சொல்ல வேண்டிய சாமியார் எங்கேயோ ஆக்சிஜன் குழாயோடு படுத்துக் கிடந்தார். அவர் பிழைத்து வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டாவது துண்டைப் பிய்த்தேன்.