அம்சவல்லிக்கு மழை என்றால் வேலை

கிளைடரின் இறக்கையில் ஆள்காட்டி விரலை ஓட்டி, அதை நாக்கில் வைத்துப் பார்த்தார் அம்சவல்லி. "இன்னும் கரிக்குதுப்பா. வெளியிலயே நிக்கட்டும்."

மழை வந்தால் மற்ற ஊர்களில் கிளைடரைக் கொட்டகைக்குள் தள்ளுவார்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் இந்த கிளப்பில் எல்லாம் தலைகீழ். இங்கே காற்றும் உப்பு, போர் தண்ணீரும் உப்பு. இன்ஜின் இல்லாமல் பறக்கிற அந்த இரண்டு சீட்டு விமானத்தைக் கழுவ வானத்தை விட்டால் வேறு நாதியில்லை. ஆகவே மழை பெய்யும் ஞாயிறுகளில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் வேலைக்கு வரவேண்டும் என்பது சட்டம். யாருக்கும் சம்பளம் இல்லாததால் சட்டத்துக்கும் பல் இல்லை. "செம மழை, சாரி" என்று விடிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லியைத் தவிர வந்த ஒரே ஆள், பொம்மையார்பாளையத்தில் டிபன் கடை நடத்தும் சதீஷ்.

அம்சவல்லிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வானூரில் கணவர் ராஜாங்கத்தோடு தையல் மெஷின் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கிளைடருக்கு உறை தைக்க அளவெடுக்க வந்தவர், "சும்மா ஒக்காந்து பாருங்க" என்று யாரோ சொல்ல, உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று ராஜாங்கம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பறக்கும்போது வாயில் ஏலக்காய் அடக்கிக்கொள்வது அம்சவல்லியின் வழக்கம். பயமா என்று கேட்டால், "பயமெல்லாம் இல்ல, வாயி சும்மா இருக்காதுல்ல" என்பார்.

பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் தனியாக ஒரு தடவை பறக்க வேண்டும். அவருக்கு அந்த ஒரே ஆசைதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு நாள் குறித்தபோது மாமியாருக்கு ஆபரேஷன். போன வருஷம் கிளைடரை மேலே இழுத்துவிடும் வின்ச் படுத்துக்கொண்டது. இந்த வருஷம், பயிற்சி கொடுக்கும் செயலாளர் விஜயகுமார் அடுத்த ஞாயிறு என்று உறுதி சொல்லியிருந்தார். அதை விட்டால் அடைமழையில் மைதானம் முங்கிவிடும். தை மாதம்தான் காயும்.

மழை வெறித்தது. சாலைக்கு அந்தப் பக்கம் உப்புக் குவியல்களின் தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் கிளைடரை உள்ளே தள்ளினார்கள். சதீஷ் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "போதும்க்கா. டீ குடிச்சிட்டுக் கெளம்பலாம்" என்றார்.

"நீ குடிப்பா. கம்பிய மட்டும் பார்த்துட்டு வர்றேன்."

சீட்டைக் கழற்றி, வால் சுக்கானை இழுக்கும் கம்பிக்கயிற்றின் மேல் பழைய வேட்டித்துணி ஒன்றை மெல்ல ஓட்டிக்கொண்டே போனார். முறுக்கிய கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி சிக்கும். சிக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் செந்துரு. மூன்று இழை போயிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் வேலை என்று அவருக்குத் தெரியும். கோடையில் ஒருநாள் அந்த சீட்டுக்கடியில் கொட்டிய டீயை போர் தண்ணீர் விட்டு அலசியது அவரேதான். மழைத்தண்ணீர் பிடித்துவைத்த டிரம் கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. ராத்திரியெல்லாம் கடை வேலை பார்த்துவிட்டு வந்த உடம்பு, அவ்வளவு தூரம் நடக்க வணங்கவில்லை. இப்போது அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது.

விஜயகுமாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னார். புதுக் கம்பி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மாசக்கணக்காகும் என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "மூணு இழைதானேம்மா? வர்ற ஞாயித்துக்கெழம ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு எறங்கிடுங்க. அப்புறம் மாத்திக்கலாம். போன வருஷம் நீங்க அழுததப் பார்த்தவன், அதான் சொல்றேன்."

"பார்க்கலாம் சார்" என்று போனை வைத்தார்.

"அவரே சொல்றாருல்லக்கா" என்றார் சதீஷ். "தாங்கும்."

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது சதீஷு. ஞாயித்துக்கெழம வரைக்கும் தோணிக்கிட்டே இருக்கும்."

டூல்ஸ் பெட்டியிலிருந்து பெரிய கட்டரை எடுத்தார். மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தி, அந்தக் கம்பியை நடுவில் வெட்டிப்போட்டார்.