கையைத் தூக்கினால் மரத்துப்போகும்

அம்மா நட்ட வரிசையில் மட்டும் மறுநாள் காலை நாற்று மிதந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர் நடவு கோஷ்டியில் கை வேகத்துக்குப் பேர் வாங்கியவள் அவள். கட்டைவிரலோடு இன்னும் இரண்டு விரல் சேர்ந்து சேற்றில் அழுத்தினால்தான் நாற்று நிற்கும். அவள் கட்டைவிரலில் அந்த அழுத்தம் போய்விட்டிருந்தது.

"என்னக்கா, தெப்பம் விடுறீங்களா?" என்று கூட நடுபவர்கள் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் குனிந்து எல்லாவற்றையும் திரும்ப ஊன்றினார்கள். அன்றிலிருந்து அவளை வரப்போரம் நிறுத்தினார்கள். மெதுவாக நடுகிறவர்களின் இடம் அது. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை.

நான் அப்போது பிசியோதெரபி முதல் வருடம். தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் போய் நின்றுவிடுவேன். அம்மாவின் கை கிடைத்ததில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

"கழுத்து எலும்புத் தேய்மானம்மா. குனிஞ்சே கெடக்குறல்ல."

"கையைத் தூக்கினாத்தான்டா மரத்துப் போவுது. தலை பின்ன முடியல. சுண்டுவிரல் இருக்கான்னே தெரியல."

"எல்லாம் கழுத்துலேர்ந்து வர்றதுதான்."

கழுத்துப் பட்டை வாங்கி மாட்டினேன். இரண்டு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துத் தலைக்கு மேல் தூக்கி இறக்கச் சொன்னேன். காலையில் முப்பது, மாலையில் முப்பது. உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணுவாள். "எங்க வீட்டு டாக்டரு சொன்னா கேக்கணும்ல" என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு. குறுவை நடவில் தொடங்கியது சம்பா அறுப்பு வரை, ஏழு மாதம் ஓடியது.

கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கைச் சதை வற்றிக் குழி விழுந்த பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். மூன்று நிமிடச் சோதனை. ஒரு நிமிடத்துக்குள் வலது கை தானாகக் கீழே விழுந்தது.

எக்ஸ்ரேயில், கழுத்தெலும்பிலிருந்து பிறவியிலேயே கூடுதலாக முளைத்த ஒரு குட்டி விலா. தோளுக்கு முன்னால் உள்ள காரை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே ஒரு சந்து வழியாகத்தான் நரம்புகள் கைக்குப் போகின்றன. அம்மாவுக்கு அந்தச் சந்தில் இடமே இல்லை. கையைத் தூக்கும்போதெல்லாம் நரம்பு நசுங்கும். தினமும் அறுபது தடவை நான் நசுக்கியிருக்கிறேன்.

தினமும் பாட்டில் தூக்கியதை அம்மா டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

"இவ்வளவு தூரம் விட்டிருக்க வேணாமே. பாட்டில் தூக்குறதெல்லாம் யாரும்மா சொன்னா?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "நானாத்தாங்க செஞ்சேன். போன்ல காட்டுனாங்க."

அவளுக்கு போனில் பேசத் தெரியும், வேறொன்றும் தெரியாது. நான் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் செய்து அந்த எலும்பை எடுத்தார்கள். வலி போயிற்று. மரத்துப்போவதும் நின்றது. ஆனால் வற்றிய சதை திரும்பாது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை நான் அம்மாவிடம் சொல்லவேயில்லை. அடுத்த குறுவைக்கு நாற்றுப் பறிக்கத் தொடங்கிய வாரம் அவளே கேட்டாள்.

"இந்தக் குழி எப்படா நெறயும்? இந்த நடவுக்குப் போவலாம்ல?"

"நெறயாதும்மா. இனிமே நடவு முடியாது."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாளைக்குக் கூப்புட வருவாளுங்க. நீயே சொல்லிடு" என்றாள்.

மறுநாள் கோஷ்டி வந்தபோது வாசலுக்குப் போய்ச் சொன்னேன். எதனால் என்று மட்டும் சொல்லவில்லை.