புளியங்குச்சியும் ஒரு முழங்காலும்

எனக்கு இரண்டு வாத்தியம் வாசிக்கத் தெரியும் என்று சொன்னால் கேட்பவர்கள் மரியாதையாகப் பார்ப்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்வதில்லை. என் சங்கீத வாழ்க்கை அந்த மரியாதையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்கு மேற்கே எங்கள் தென்னந்தோப்பு. தோப்புக்கு இந்தப் பக்கம் பெருமாள் கோயிலில் தமிழ் பஜனை. நாலு வயல் தாண்டினால் பகவதி கோயிலில் செண்டைமேளம். காதுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. கைக்கு மட்டும் மிருதங்கம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பத்து வயதிலேயே புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நான்தான் மிருதங்கம். அதுவரை வாசித்தவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். என் திறமைக்கு முதல் காரணம் அதுதான்.

அந்த வருடம் செண்டையும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அப்பாவுக்குச் சங்கீதத்தில் இரண்டு விஷயம் தெரியும்: எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது. இருந்தாலும் பஜனைக்குத் தலைவர் அவர்.

"கத்துக்க, வேண்டாங்கல. ஆனா சனிக்கிழமை மிருதங்கம் பிசகுச்சுன்னா செண்டையும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது."

எனக்காகப் பேசி அந்த அளவுக்கு அவரை இறக்கியது மாமா, அம்மாவின் தம்பி. பஜனையில் முன்பாட்டு அவருடையது. அவர் பாடினால் தாளம் ஆணி அடித்த மாதிரி நிற்கும் என்று கோவைப் பக்கத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டுப் போவார்கள். அவர்தான் மொபெட்டில் என்னைச் செண்டை ஆசானிடம் கொண்டுபோய் விட்டார்.

செண்டையைத் தோளில் மாட்டி நிற்கும் கோலத்தை நான் கண்ணாடி முன் பழகி வைத்திருந்தேன். ஆசான் இரண்டு புளியங்குச்சியைக் கையில் கொடுத்து ஒரு கருங்கல்லைக் காட்டினார். "செண்டை பின்னே, மோனே. ஆத்யம் கல்லு." முதலில் கல், பிறகுதான் செண்டை. கல் அலுத்துப்போகும் வரை அடிக்கவேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

வீட்டில் இருந்த கல், துணி துவைக்கிற கல். அம்மா ஈரத்துணியோடு வந்து நிற்பாள். "எந்திரிடா. உன்ற கச்சேரி முடியறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்." வேலியோரம் போகிறவர்கள், "ஏனுங்க, ஊட்ல தேங்கா ஒடைக்கறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

காலையில் கல், மாலையில் மிருதங்கம். காலையில் மணிக்கட்டு, மாலையில் விரல். மணிக்கட்டு கற்றதை விரலுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளவேண்டும். என் உடம்பில் ரகசியம் தங்காது.

செண்டைமேளம் எருமை நடையில் தொடங்கும். படிப்படியாக வேகம் ஏறும். கடைசியில் கூட்டமே கையைத் தூக்கி ஆடும். எங்கள் பஜனை அப்படியல்ல. கிளம்பிய நடையிலேயே போய்ச் சேரவேண்டும். மூன்றாவது சனிக்கிழமை, இரண்டாவது பாட்டில், என் கை தானாக அடுத்த படிக்கு ஏறியது. ஏறுவது எனக்குத் தெரியவில்லை. பாட்டு இன்று நல்ல உற்சாகத்தில் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மாமா ஒருமுறை திரும்பி என் கையைப் பார்த்தார். அப்புறம் கதவருகே நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு பாட்டை இழுத்துப் பிடிக்காமல் அவரும் வேகத்தில் குதித்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. பின்பாட்டுக்காரர்கள் பாதி வரியை விழுங்கினார்கள். ஜால்ராக்காரர் ஜால்ராவை மடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அடுப்பிலிருந்து பொங்கல் இறங்குவதற்கு முன்பே மங்களம் முடிந்துவிட்டது. எங்கள் கோயிலில் அப்படி நடந்ததே இல்லை.

அப்பா உள்ளே வந்தார். "யாரு ஓட்டுனது?" கண் என்மேல் இருந்தது.

"நாந்தானுங்க மச்சான்" என்றார் மாமா, மூச்சிரைத்துக்கொண்டே. "தொண்டை கட்டிக்கிச்சு. சட்டுனு முடிச்சரலாம்னு இழுத்துட்டேன். பையன் பாவம், என்ற பின்னாலயே ஓடியாந்தான்."

"பெருமாள் கோயல்ல உனக்கென்ன மாப்ள அவசரம்?" என்று அப்பா கடிந்துகொண்டார். என் செண்டை பிழைத்தது.

மாமாவின் பேர் பிழைக்கவில்லை. அந்தப் புரட்டாசி முழுக்க டீக்கடையில், "ஏனுங்க பாகவதரே, கடைசி பஸ்ஸப் புடிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்கள். அவரும் சிரித்து, "புடிச்சாச்சுங்க, சீட்டும் கெடச்சுது" என்பார். ஓட்டியது மாமாதான் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் நம்பினேன். ஆசான் வீட்டுக்குப் போகும்போது மொபெட்டின் பின்னாலிருந்து புத்திமதிகூடச் சொன்னேன்.

"மாமா, இனிமே கொஞ்சம் நிதானமாப் பாடோணும்."

"ஆமா கண்ணு, பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, எப்போதும் முன்னால் தனியாக உட்காருகிறவர், என்னை ஒட்டி வந்து உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் அவர் வலது கை என் முழங்காலில் தாளம் போட்டது. அவருக்கே சொந்தமாக இரண்டு தொடை இருக்க, என் கால் எதற்கு என்று யோசித்தேன். விளங்கியது. பாவம், மாமாவுக்கு இனித் தனியாகத் தாளம் நிற்காது. என்னைப் பிடித்துக்கொண்டால்தான் உண்டு.

அவருக்கு எட்டும்படி முழங்காலை இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தேன்.