எல்லைத் தூணுக்கு உடைத்த இளநீர்

போன வருஷத்து ஆடி மாதம் முழுக்க, என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் கிடந்தேன். நம் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதம். ஊரே வேப்பிலை மணந்தது. நான் ஒரு வாய் கூழ்கூடக் குடிக்கவில்லை.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் கூட்டிப்போனான். இறங்கியதும் காரில் ஏற்றி, எல்லையில் ஓடும் ஆற்றைக் கடத்தி, பர்மா பக்கம் மதில் போட்ட ஒரு கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். போனில் ஆட்களை ஏமாற்றும் வேலை. மாட்டேன் என்றால் அடி. கடைசியாக வந்த வாய்ஸ் மெசேஜில் அவர் குரல் நடுங்கியது. "போலீஸ் கீலீஸ்னு போய் நிக்காத. தெரிஞ்சா என்னக் கொன்னுடுவானுங்க." அதோடு போன் அணைந்தது.

ஏஜெண்டைத் தெரிந்தவர்களைக் கேட்டால் எல்லோரும் பொறுங்கள் என்றார்கள். எங்கள் ஊர் செலியமேட்டில் வீட்டை ஒட்டிக் கரும்பு. தோகை உரசினால்கூட யாரோ சேதி கொண்டு வருவதாக எழுந்து நிற்பேன். சேதி வரவில்லையே என்று பயம். வந்துவிடுமோ என்று அதைவிடப் பயம்.

அவர் தங்கை செல்விதான் சொன்னாள். "இங்க குந்திக்கினு அழுவுறத அங்க போயி அழுவலாம், வா அண்ணி."

இரண்டு பேரும் தாய்லாந்து போய், அந்த ஆற்றங்கரையில் இருந்த எல்லையோரச் சிறு நகரத்தில் அவர் போட்டோவைக் கடை கடையாகக் காட்டினோம். காக்கியைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவோம். யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை. தங்கியிருந்த விடுதிக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கூப்பிக் காட்டி, நகரத்தின் நடுவில் இருந்த கோயிலுக்குக் கூட்டிப்போனாள்.

உள்ளே சிலை இல்லை. ஒரு தூண். தங்க ரேக்கு ஒட்டி, வண்ணத் துணி சுற்றிய தூண். ஊருக்குக் காவல் இதுதான், வருகிறவரும் போகிறவரும் இதனிடம் சொல்லிக்கொள்வார்கள் என்று அவள் போன் மொழிபெயர்த்துச் சொன்னது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் எல்லையம்மன் பார்க்கிற அதே வேலை.

அங்கே யாரும் சத்தம் போடவில்லை. ஊதுவத்தி, பூ, மௌனம். நம் ஊரில் ஒருவர் நல்லபடியாக எல்லை திரும்ப வேண்டுமென்றால் சிதறுகாய் போடுவோம். அதை மெதுவாகப் போட முடியுமா? வாசல் கடையில் முற்றிய காய் கிடைக்கவில்லை. ஓர் இளநீரை வாங்கினேன். உன் எல்லைக்குள் அவரைக் கொண்டுவந்து விடு தாயே என்று சொல்லி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கல்படியில் அடித்தேன்.

அது சிதறவில்லை, பீச்சியடித்தது. பக்கத்தில் ஓர் அதிகாரி கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அவருடைய காக்கிச் சட்டை முழுக்க நனைந்தது.

"இன்னா அண்ணி பண்ணிட்ட? அவுங்க ஸ்ட்ரா போட்டு சாமிக்குக் குடுக்குறாங்க, நீ குண்டு போடுற," என்றாள் செல்வி. சொன்ன உதடு வெளுத்திருந்தது.

அந்த அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். அது விடுதியில் இருந்தது. எங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அந்த வண்டிக்குள் நான் செத்தேன். போலீஸுக்குப் போகாதே என்றாரே. என் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டேனே. அம்மனைத் திட்டினேன். இதற்கா உன்னைக் கூப்பிட்டேன் என்று கேட்டேன்.

குடியேற்ற அலுவலகத்தில் செல்வி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அதிகாரி போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். எழுந்தார். பின்கட்டுக்கு நடத்திப்போனார். கம்பிக் கதவு. உள்ளே, ஆற்றைக் கடந்து தப்பி வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத் தலையோடு ஒருவர் எழுந்து நின்றார். எங்களைக் கண்டதும் அந்த முகம் மலரவில்லை, பயத்தில் சுருங்கியது.

"ஐயோ, உங்களையும் புடிச்சினு வந்துட்டானுங்களா?"

"இல்லங்க," என்றேன். "நான் தேங்கா ஒடைச்சேன்."

தப்பி வந்த பிறகும் அந்தக் கும்பல் தேடி வருமென்று பயந்து, என் வீட்டுக்காரர் தன் பேரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவர் அங்கே இருக்கிற சேதி எங்களுக்கு வரவில்லை. எந்த வாசலுக்குப் பயந்து ஓடினேனோ, அதே வாசலுக்குள் என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள் அம்மன். நான் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

காகிதங்கள் முடிந்து ஊர் வந்து சேர்ந்தோம். இன்னமும் கேட் கிறீச்சிட்டால் அவருக்கு உடம்பு தூக்கிப்போடும். ஆனாலும் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்தில் இப்படி வேலைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தவிக்கிறவர்கள் வந்தால் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணை போகிறார். நானும் போகிறேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒருவர் எங்கோ அகப்பட்டிருந்தால், பயம் தெளியட்டும், அப்புறம் வேண்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். எனக்கு அது தெளியவே இல்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற கையோடு அம்மன் முன்னால் போய் நில்லுங்கள். அவளுக்கு அது போதும்.