படிவத்தின் கடைசிக் கட்டம்

டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம். யாழ்ப்பாணத்தின் வடகரையில், நண்டுச் சதை பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். அடிக்கடி மின்சாரம் போகும், ஐஸ் போதாது, சதை கெட்டுவிடும். கொழும்புத் தலைமையகமோ, புதிய இயந்திரமும் இல்லை, மேலதிக ஐஸும் இல்லை, புதிதாக ஏதாவது யோசியுங்கள் என்றது. கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் புத்தாக்கம்.

படித்ததையெல்லாம் உருட்டிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் வழி சொன்னது, சதைத் தட்டுகளை ஐஸ் அறைக்குச் சுமக்கும் ஓர் அக்கா. படகுக்கு எண்ணெய் கிடைக்காமல் அவருடைய கணவர் வீட்டோடு இருந்தார். இரண்டு பிள்ளைகளும் அக்காவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

"மிஸ், நாங்கள் தூக்கிக்கொண்டு நடக்கிற நேரத்திலைதான் சதை பழுதாகுது. சதை எடுக்கிற மேசையளை ஐஸ் அறை வாசலோடை போட்டால் என்ன?"

அடுத்த நாளே போட்டோம். கழிவு வெகுவாகக் குறைந்தது. 'சிறந்த யோசனை' என்று எழுதி அக்காவின் படத்தை வாசலில் மாட்டினோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. 'இதனால் எத்தனை ஆட்களைக் குறைக்கலாம்?' என்றது அதன் கடைசிக் கட்டம். வெறுமையாக விட்டிருக்கலாம். எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. எங்கள் வேலை பெரிதாகத் தெரியட்டும் என்று 'மூன்று' என எழுதினேன். அந்த மூன்று பேர் யார் என்று சத்தியமாக நான் யோசிக்கவில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. தட்டுச் சுமந்த மூவருக்கும் இனி வேலை இல்லை. தொலைபேசியில் கெஞ்சினேன். "நீங்கள் தந்த எண்ணிக்கைதானே" என்றார்கள்.

அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். படிவத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

"அப்ப நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், என்ன மிஸ்?"

வழமைபோலவே, "போட்டு வாறன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் இன்னும் வாசலில் இருக்கிறது. இப்போது எந்தப் படிவம் வந்தாலும் கடைசிக் கட்டத்தில் என் பேனா நின்றுவிடுகிறது, அதனால் அவருக்கு என்ன பயன்? அந்த மூன்றை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. தான் சொன்ன நல்ல யோசனையைத்தான் அவர் இன்றும் நொந்துகொண்டிருப்பார் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத வலி.