சுவரில் மாட்டிய முயலின் ரத்தக்குழாய்

முயல்களுக்கு நாங்கள் போட்ட தீனியின் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் பொடியைக் கரைத்துத் தீவனத்தோடு பிசைந்து வைப்போம். கொல்கத்தாப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குள் அது சிக்கு நாற்றம் எடுத்துவிடும். சாயங்காலம் மினிபஸ்ஸில் லேக் கார்டன்ஸ் திரும்பும்போது, பக்கத்தில் உட்காரும் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் அம்மா என் துணிகளைத் தனி வாளியில் ஊறப்போடுவாள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். தெற்குக் கொல்கத்தாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தேன். கொழுப்பு தின்ற முயலின் ரத்தத்தை எடுத்துத் தெளிய வைத்தால் மேலே பால் மாதிரி வெளுத்து நிற்கும். அறுத்துப் பார்த்தால் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவரில் மஞ்சள் மஞ்சளாகப் படிவுகள் இருக்கும். அவை வெறும் கொழுப்பு இல்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே போய்க் கூடி, கொழுப்பைத் தின்று வீங்கி, அந்த இடமே புண் போல அழன்று கிடக்கும். மனிதர்களுக்கும் அப்படித்தான். அந்தப் புண் வெடித்தால் மாரடைப்பு. அழற்சியைத் தணிக்கும் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து ஊசி வழியே அனுப்பினால், அந்த அணுக்கள் குமிழிகளையும் விழுங்கும், மருந்து உடம்பெல்லாம் பரவாமல் புண்ணிலேயே இறங்கும் என்பதுதான் எங்கள் எண்ணம். எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிவதற்காகக் குமிழியோடு ஒளிரும் சாயத்தையும் சேர்த்திருந்தோம்.

ஒருநாள் இருட்டறையில் முயலின் ரத்தக்குழாயை விளக்கின் கீழ் விரித்து வைத்தேன். படிவு இருந்த இடமெல்லாம் சிவப்பாக மின்னியது. அடுத்து அதே முயலின் கல்லீரலை வைத்தேன். அது அடுப்புத் தணல் மாதிரி ஜொலித்தது. மருந்தில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும்தான் போயிருந்தது. புண்ணுக்குப் போனது துளி. இரண்டையும் படம் எடுத்து சாரிடம் கொடுத்தேன். சார் என்றால் என்னுடைய கைடு. அவர் ரத்தக்குழாய்ப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்பா கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் ஏரிக்கரையில் நடக்கும்போது அவருக்கு நெஞ்சில் பாரம் ஏறி உட்கார ஆரம்பித்தது. ஆஞ்சியோ எடுத்தார்கள். ஒரு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரரான அவர், ஒரு விஷயம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், யோசிக்கிறேன் என்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். முழங்கை மடிப்பில் ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தது. பஞ்சை ஒட்டிய பிளாஸ்திரி பாதி பிய்ந்து தொங்கியது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லட்டி. காளிகாட்ல ஒரு கிளினிக். டிரிப் ஏத்துதாங்க."

"எதுக்கு?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நீ பண்ணுதியே, அதேதான். மருந்து நேரா அடைப்புக்கே போகுமாம். வேற எங்கயும் போவாதாம். எம் மகளும் இதத்தான் ஆராய்ச்சி பண்ணுதான்னு டாக்டர்கிட்ட சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

நாங்கள் இன்னும் முயலைத் தாண்டவில்லை. அடுத்த முறை நானும் வருகிறேன் என்றேன். மகள் தன் ஆராய்ச்சி பலிப்பதைப் பார்க்க வருகிறாள் என்றே அவர் நினைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டை அணிந்து கிளம்பினார்.

கிளினிக் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டின் மூலையெல்லாம் வெற்றிலைத் துப்பல். உள்ளே ஏசி, பினாயில் வாடை, கீழே தெருவிலிருந்து ஏறி வந்த மீன் வறுவல் வாடை. சாய்வு நாற்காலிகளில் வயதானவர்கள் வரிசையாகக் கையை நீட்டிக் கிடந்தார்கள். தலைக்கு மேலே பாட்டில்கள். உள்ளே சோடா கலர் மாதிரி மஞ்சள் தண்ணீர். ஒரு பெண் அவித்த முட்டை தின்றுகொண்டே ஊசிகளைப் பிரித்தாள். கையுறை போடவில்லை.

எதிர்ச் சுவரில் செம்பருத்தி மாலை போட்ட காளி படம். அதற்குப் பக்கத்தில், பின்னாலிருந்து விளக்கு எரிய, நான் எடுத்த ரத்தக்குழாய்ப் படம்.

சந்தேகமே இல்லை. கிளை பிரியும் இடத்தில் என் கத்தரிக்கோல் வழுக்கி விழுந்த கிழிசல் அப்படியே தெரிந்தது. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். அதன் கீழே வங்காளியில், 'நோய் உள்ள இடத்துக்கே மருந்து'.

டாக்டர் வந்தார். விரல்களில் பவளம், கோமேதகம். அப்பாவைப் பார்த்து, மாமா முறை வைத்து, "வாங்க மேஷோமஷாய்" என்றார். நான் வங்காளியில் கேட்டேன்:

"டாக்டர்பாபு, இது யாருடைய ரத்தக்குழாய்?"

"எங்க பேஷன்ட் ஒருத்தருடையது. டிரிப் ஏத்தின பிறகு எடுத்தது. சிவப்பா தெரியுது பாருங்க, அங்கெல்லாம் மருந்து வேலை செய்யுது."

"பாட்டில்ல என்ன இருக்கு?"

"அது எங்க ஃபார்முலா."

"இது முயல்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "கொர்கோஷ். நான்தான் அறுத்தேன். நான்தான் படம் எடுத்தேன்."

நாற்காலியில் கிடந்த ஒரு பெரியவர் தலையைத் திருப்பினார். கையில் ஊசி குத்தியிருந்தது. அவர் நிதானமாகக் கேட்டார்:

"தீதி, அந்த முயல் குணமாச்சா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "அதைக் கொன்னாத்தான் இந்தப் படமே எடுக்க முடியும்" என்றேன்.

அவர் என்னை அருவருப்போடு பார்த்தார். டாக்டரை அல்ல, என்னை. டாக்டர் சிரித்துவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்க ரெண்டு புஸ்தகம் படிச்சதும் இப்படித்தான்" என்றார். முட்டை தின்ற பெண் புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒரு அம்மாள் எழுந்து போய், வளையல்களை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். ஒருவர்கூட எழுந்து வெளியே போகவில்லை.

அப்பா மட்டும் சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட்டார். மெட்ரோ ஸ்டேஷன் வாசல் வரை நடந்து வந்தோம். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஏட்டி, அது முயலா?"

"ஆமாப்பா."

"உங்க சாருக்குத் தெரியுமா?"

"அவர் குடுக்காம அங்க எப்படிப் போகும்?"

மறுநாள் சாரின் அறைக்குப் போனேன். மேஜையில் கட்லெட் பொட்டலம் விரித்திருந்தார். எண்ணெய் விரலோடு என்னை உட்காரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் மென்றுகொண்டே கேட்டார்.

"அவன் என் மனைவி வழியில் சொந்தம். ஒரு ஸ்லைடு கேட்டான், கொடுத்தேன். மருந்தையா கொடுத்தேன்? படம்தானே."

"மனுஷங்க உடம்புன்னு சொல்றார், சார். எங்க அப்பா உட்பட எல்லாரும் நம்பி ஊசி போட்டுக்கிட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லையே."

"கல்லீரல் படத்தை நீங்க எங்கயுமே காட்டலை."

அவர் சிரித்தார். பல்லிடுக்கில் ஒரு கொத்தமல்லி இலை. "கல்லீரலை யாரம்மா பார்க்க ஆசைப்படுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, ஒரு கட்லெட்டை என் பக்கம் தள்ளினார்.

முயல் கூண்டைத் துப்புரவு செய்தபோது வராத குமட்டல் எனக்கு அங்கே வந்தது. வெளியே ஓடி வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சாரைக் கூப்பிட்டும் பேசினார். கிளினிக்கிலிருந்து அந்தப் படம் போயிற்று. அந்த இடத்தில் வேறொரு படத்தை மாட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கிளினிக் மூடவில்லை. நான் வேறொரு மேடத்தின் கீழ் மாறிக்கொண்டேன். ஆய்வேட்டில் கல்லீரல் படத்தை ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே, அதே அளவில் போட்டேன். அதைப் பார்த்த தேர்வாளர் ஒருவர், "அப்படியானால் உங்கள் முறை சரிவரவில்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். இன்னும் சரிவரவில்லை என்றேன். பட்டம் கொடுத்தார்கள்.

அப்பா ஸ்டென்ட்டுக்கு ஒத்துக்கொண்டார். மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போதுதான் நம் ஊருக்கு வந்திருந்தது. முடிந்து வார்டில் படுத்திருந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இதுலயும் மருந்து இருக்காமே. அது எங்க போவும்?"

"அங்கயேதாம்பா இருக்கும். கம்பி வழியா கொண்டுபோய் அந்த இடத்துலயே வச்சிருக்காங்க."

"நெசமாவே?"

"நெசமாத்தான்."

முன்பெல்லாம் நான் சொன்னால் அவருக்கு அதுவே போதும். அன்று, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமும் அதையே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். எனக்கு வலித்தது, ஆனால் அவர் கேட்டது சரிதான் என்றும் தோன்றியது.

அடுத்த வருஷம் துர்கா பூஜைக்கு எங்கள் பேட்டையின் பந்தல் வாசலில் அந்த கிளினிக்கின் பெரிய பேனரைக் கட்டியிருந்தார்கள். கையைக் கூப்பியபடி டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா பூஜைக் கமிட்டிக்காரர்களிடம் போய் அந்த ஆளைப் பற்றிச் சொன்னார். ஏழு தமிழ்க் குடும்பங்களில் ஒன்றாக அந்தத் தெருவில் இத்தனை காலம் இருந்தவர், அங்கே குரல் உயர்த்தி நான் பார்த்தது அன்றுதான். அவர்கள் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டார்கள். "பூஜை முடியட்டும், மேஷோமஷாய்" என்றார்கள். அஷ்டமியன்று அம்மனுக்குப் படைத்த பிரசாதம் வாங்க வரிசை நின்றது. கிச்சடி மணம் தெரு முழுக்க. பந்தலில் கொடுத்த காகிதத் தொன்னையின் அடியிலும் அந்த ஆளின் பெயர் அச்சடித்திருந்தது. அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வாய் கூட வைக்காமல் கொண்டுபோய்க் குழாயடியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு மறுபடியும் கழுவினார்.

நாங்கள் வீட்டுக்குப் போய் மோர் சோறு சாப்பிட்டோம்.