துறையூருக்குப் போன கட்டம்

பழைய சோற்றை விரலால் மசித்துத் தபால் உறையின் ஓரத்தில் தேய்க்கும்போது வருமே ஒரு புளித்த வாடை, அது மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் நான் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். ஒன்பது வயதில் அந்தச் "சோத்துப் பசை"யை வைத்து நான் ஒட்டிய இரண்டு உறைகள்தான் காரணம். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான், ஆனால் அது நல்ல காரியமா கெட்ட காரியமா என்பது இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

அப்பா திருச்சியில் ஒரு கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு. காலையில் பஞ்சகச்சமும் கோட்டும் தலைப்பாகையுமாக ரயிலேறிக் காவிரியைத் தாண்டிப் போகிறவர், சாயங்காலம் வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பெரிய கற்பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால், அம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்படி என்னதான் போடுகிறார் என்று எட்டிப் பார்த்துப் பார்த்து எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. என் பள்ளிக்கூடத்துக் கணக்கில் மாம்பழமாவது இருக்கும், தண்ணீர்த் தொட்டியாவது இருக்கும். அப்பா கணக்கில் ஒரு சாமானும் கிடையாது. சதுரமாக ஒரு சட்டம், அதன் ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டம், நடுவே காலி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள எண்களை அதில் நிரப்பி, எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை வரச் செய்ய வேண்டுமாம். இதைப் பெரிது பெரிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு விடை தேடி இரண்டு வருஷம் எழுதி எழுதி அழித்தார். "நிச்சயமானதுக்குத்தான் காயிதம்" என்பார், அதனால் பாதி வழியில் போட்டதெல்லாம் பலகையோடு போயிற்று.

அப்பாவின் கட்டம் எங்கள் வீதியாருக்கு வேறு விதமாகப் பட்டது. "கணக்கு புரொபசராச்சே, ஜாதகம் கணிக்கத் தெரியாமலா இருக்கும்?" என்று பெண்ணைப் பெற்றவர்கள் நடையாய் நடந்தார்கள். எனக்கு ஜோசியம் தெரியாது என்று அப்பா கைகூப்பிச் சொன்னதையெல்லாம் பெரிய மனுஷரின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன், ஜாதகத்திலும் பன்னிரண்டு கட்டம், நடுவே காலி. எனக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

என் அக்கா செங்கமலத்தின் ஜாதகத்தில் எட்டாம் கட்டத்தில் செவ்வாய். கட்டிக்கொள்கிறவனின் உயிருக்கு ஆகாது என்று சொல்லி மூன்று வரன்கள் கைநழுவிப் போயின. அக்கா வெளியே வந்து நிற்பதையே விட்டுவிட்டாள். "எட்டுல உக்காந்துண்டு என் பொண்ணை எழுந்திருக்க விடமாட்டேங்கறானே பாவி" என்று அம்மா கிரகத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். நாலாவதாகத் துறையூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நிலபுலன் உள்ள குடும்பம், பையனுக்குத் தாலுகா கச்சேரியில் வேலை. அதே வாரம் லண்டனிலிருந்து ஒரு கணிதப் பத்திரிகை, அப்பா அனுப்பிய கட்டுரையில் முடிவுப் பக்கம் மசி பரவி வாசிக்க முடியவில்லை, அதை மட்டும் சுத்தப்பிரதியாக அனுப்பவும் என்று எழுதியிருந்தது.

அப்பா தம் கையாலேயே இரண்டையும் எழுதினார். முதல் கட்டத்தைப் போட்டு, அதன் கீழே முடிவையும் அதற்கான படிகளையும் இங்கிலீஷில் எழுதிய பக்கம் ஒன்று, அக்கா ஜாதகம் ஒன்று. எழுதி முடித்ததும் பலகையை அழித்துவிட்டார், வேறு பிரதி கிடையாது. இரண்டையும் நாலாக மடித்துத் தமக்கு இரு பக்கமும் வைத்து, ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், "இடப்பக்கம் இருக்கறது சீமைக்கு, வலப்பக்கம் இருக்கறது துறையூருக்கு. உறையில விலாசம் எழுதியிருக்கு, போட்டு ஒட்டித் தபால்ல சேர்த்துடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். யாருடைய இடது? பெட்டிக்குள் உறைகள் "தொப்"பென்று விழுந்த பிறகுதான் எனக்கு இந்தச் சந்தேகமே வந்தது. அம்மாவிடம் சொல்லப் பயம்.

பத்து நாளில் துறையூர்க்காரர், பிள்ளையின் தகப்பனார், நேரிலேயே வந்துவிட்டார். தட்டில் பூவும் பழமும். "எங்க ஜோஸ்யர் அசந்துபோயிட்டார் சுவாமி! புரொபசர் கணிப்புன்னா நம்மூர்க் கணிப்பு மாதிரியா இருக்கும், இங்கிலீஷ் முறைன்னார். நாலு பக்கமும் இருபத்தாறு! ஏத்த இறக்கமே இல்லாத வாழ்க்கைன்னு அடிச்சுச் சொல்லிட்டார். சரிதானே?"

துறையூருக்குப் போனது ஜாதகம் அல்ல, தம் கணக்குப் பக்கம் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பலகையில் ஒரே ஒரு எண் பிசகினாலும் ஒரு மாத வேலையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற மனுஷர். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று சத்தியம் செய்வேன். ஆனால் கதவோரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கூட்டினது சரிதான்" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சிறிது நாளில் லண்டனிலிருந்து அக்கா ஜாதகம் திரும்பி வந்தது. இந்தக் குறியீடுகள் தங்களுக்கு விளங்கவில்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் கூட இருந்தது. அப்பா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். யார் மாற்றிப் போட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். துறையூரிலோ அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் பெருமாள் உள்ளில், பூஜை அறையில், மாட்டிவிட்டார்கள் என்று சேதி. திருப்பிக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். முதலிலிருந்து போட்டுப் பார்த்தார் அப்பா. நடுவில் ஒரே ஒரு படி மட்டும் பிடிபடவில்லை. ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்த பத்திரிகையில் வேறு யாரோ அதே முடிவை அச்சில் போட்டிருந்தான். அப்பா நின்றபடியே முழுக்கப் படித்தார். "நன்னா பண்ணியிருக்கான்" என்றார். அன்று சாப்பிடவில்லை.

என் பாடு அதைவிட மோசம். துறையூரிலிருந்து கடுதாசி வந்தாலே, எட்டாம் கட்டத்துச் செவ்வாய் அத்திம்பேரை, அக்கா புருஷரை, ஏதோ செய்துவிட்டான் என்றுதான் நினைப்பேன். அவருக்கு ஜலதோஷம் என்றால் நான் ரங்கநாதரிடம் ஓடுவேன். இந்தக் கூத்து எத்தனை வருஷம் நடந்தது என்கிறீர்கள்? அத்திம்பேர் எண்பது தாண்டி, அக்காவோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு, சௌக்கியமாக இருந்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அந்த வீடு இல்லை, பலகையும் இல்லை. போன மாதம் அக்கா என்னைப் பார்க்க வந்தபோது அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் புடவையில் சுற்றி எடுத்துவந்தாள். மசி மங்கி, காலியான நடுவில் மட்டும் யாரோ வருஷக்கணக்காய் இட்ட குங்குமம். அறுபது வருஷம் அடக்கியதை அப்போதுதான் அவளிடம் உளறிக் கொட்டினேன். அவள் சிரித்தாள்.

"அப்பா எழுத்து எனக்குத் தெரியாதாடி? துறையூர் போன அன்னிக்கே தெரியும். தலைதீபாவளிக்கு வரச்சே ஒருத்தருக்கும் தெரியாம எடுத்துண்டு வந்து அப்பாகிட்ட நீட்டினேன். வேற யாரோ முடிவு அச்சான பத்திரிகை வந்து பத்து நாள்தான் ஆயிருந்தது போலிருக்கு, எனக்கென்ன தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். 'இனிமே இது என் கணக்கு இல்லைம்மா, உன் ஜாதகம். கொண்டுபோய் மாட்டிடு'ன்னுட்டார்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே ஒன்பது வயதுக் குரலாகக் கேட்டது.

"சொன்னார். 'குழந்தையை ஒண்ணும் கேட்காதே. யாரோட இடப்பக்கம்னு நான் சொல்லலை, தப்பு என்னோடது'ன்னார்."

சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நாலு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். முதல் தடவை கண்ணீரில் தப்பாக வந்தது. மறுபடியும் கூட்டினேன், இருபத்தாறு.